ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் எல்லையில் உடனடிச் செய்தியும் இணைய அழைப்பும்

எழுத்து, குரல், படம், காணொளி, கோப்பு என எதையும் இணையம் வழியாக அந்தக் கணமே அனுப்பிப் பெற உதவும் மென்பொருள் உடனடிச் செய்திச் செயலி எனப்படும். இன்றைய செயலிகள் பெரும்பாலானவற்றில் பேசவும் முகம் பார்த்துப் பேசவும் முடியும். அதனால் இணைய அழைப்பு மென்பொருள் என்று தனியாக ஒன்றைப் பிரித்துக் காட்டும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இத்தகைய செயலிகளின் வசதிகளையும் அந்தரங்கப் பாதுகாப்பையும், தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூர் – கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விவரிக்கிறது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து வளர்ந்த வட்டாரம் இது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொடங்கிய வரிசையில் பின்னாளில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும், ஓசூரில் ஏத்தர் மின்ஸ்கூட்டர் ஆலையும், போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் சேர்ந்துகொண்டன. தருமபுரி, திருவண்ணாமலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாமிலிருந்து வந்து அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கும் ஆண்கள், தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போய்வரும் உள்ளூர்க்காரர்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவாக இருப்பது கைப்பேசிச் செயலிதான். மேற்பார்வையாளரும் வீட்டாரும் ஊரில் பணம் எதிர்பார்த்துக் காத்திருப்பவரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

செயலிகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக மறையாக்கம் என்னும் பூட்டைப் பற்றியே எழுதுகிறார்கள். பூட்டு முக்கியம்தான். ஆனால் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் அந்தரங்கத்தை அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அவருடைய கைப்பேசி எண் யார் யார் கையில் இருக்கிறது என்பதே.

எல்லைக்கோடும் அழைப்புக் கட்டணமும்

ஓசூர் தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தில் இருக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடக வட்டம். ஒரே சாலையில் பத்து நிமிடப் பயணத்தில் வட்டம் மாறிவிடும் ஊர் என்பதால், எஸ்டிடி, ரோமிங் என்ற சொற்களின் பாரத்தை இவ்வூர்க்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அனுபவித்தவர்கள். எல்லையோரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே கைப்பேசி கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது இங்கே சகஜம். உள்வரும் அழைப்புக்கும் காசு பிடிக்கப்பட்ட காலத்தில் அது வீண்செலவு. பெரிய நிறுவனங்கள் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டது 2017 வாக்கில்தான்.

இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1 முதல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அப்போதும் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம் என்ற அளவோடு சரி. உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு இணையம் வழியாக அழைப்பது நெடுங்காலம் தடையிலேயே இருந்தது. 2003இல் வந்த ஸ்கைப்பை வெளிநாட்டில் உறவினர் இருந்த குடும்பங்களே அதிகம் அறிந்திருந்தன. அந்தச் சேவை 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் கைக்கு இணைய அழைப்பு வந்து சேர இரண்டு நிகழ்வுகள் காரணம். வாட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016 நவம்பரில் காணொளி அழைப்பையும் சேர்த்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனது. அதோடு வட்ட எல்லைக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. ஓசூரிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள பொம்மசந்திராவுக்கும் தொலைவிலுள்ள புவனேசுவரத்துக்கும் பேசுவது ஒரே செலவாகிவிட்டது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் நிலை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையே பயன்படுத்த வேண்டும். அதனால் அங்கே ஆள் இருக்கும் வீடுகளில் இரண்டு செயலிகள் இருப்பது வழக்கம்.

அழைப்பு வேலைசெய்யும் விதம்

பேசுபவரின் குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, பொட்டலங்களாக இணையத்தில் போகிறது. நிமிடத்துக்கு ஒரு எம்பிக்கும் குறைவான தரவே குரல் அழைப்புக்குச் செலவாகும். காணொளிக்குப் பல மடங்கு ஆகும். ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு விடுதியின் எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் காணொளி அழைப்பு தொடங்கும்போது படம் உறைந்து குரல் மட்டும் வருவது இதனால்தான். நெரிசலில் செயலி முதலில் படத்தின் தரத்தைத்தான் குறைக்கும்.

இருவர் பேசும்போது பொட்டலங்கள் முடிந்தவரை ஒரு கைப்பேசியிலிருந்து மற்றதற்கு நேராகப் போகும். தரம் நன்றாக இருக்கும். ஆனால் ஒருவருடைய ஐபி முகவரி மற்றவருடைய கருவிக்குத் தெரியவரும். அதை வைத்து ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அழைப்பை நிறுவனத்தின் வழங்கி வழியாகச் சுற்றிவிட்டு முகவரியை மறைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023இல் கொண்டுவந்தது. அமைப்புகளுக்குள் ஆழத்தில் புதைந்திருக்கும் இதை நாமாகப் போய் இயக்கினால்தான் வேலைசெய்யும். வீட்டைவிட்டு வந்து வேலை பார்க்கும், தன்னைத் தேடுகிறவர்களுக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு இந்த ஒரு பொத்தான் பெரிய விஷயம்.

அழைப்பே ஆயுதமான சம்பவமும் உண்டு. 2019இல் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாக உலகெங்கும் சுமார் 1,400 பேரைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்காவிட்டாலும் கருவி பாதிக்கப்படலாம் என்பதே அதன் கொடுமை. இந்தியப் பத்திரிகையாளர்களும் உரிமைச் செயற்பாட்டாளர்களும் குறிவைக்கப்பட்டவர்களில் இருந்தனர்.

குரல்பதிவு

வசதிகளில் இந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருந்திப்போனது குரல்பதிவு. வாட்ஸ்அப்பில் இது 2013இல் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் உள்ளூர் மொழிகளாக இருக்கும் ஊர் ஓசூர். வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஏராளம். பேசும் மொழியை எழுதத் தெரியாதவருக்கு விசைப்பலகை உதவாது. பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசி விட்டுவிடுவது உதவும். லைனில் நிற்கும்போது அழைப்பை எடுக்க முடியாத தொழிலாளி, இடைவேளையில் லாக்கரைத் திறந்து வீட்டிலிருந்து வந்த மூன்று நான்கு குரல்பதிவுகளை வரிசையாகக் கேட்டுவிட்டு ஒன்றுக்குப் பதில் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பிப் போகிறார். உற்பத்தித் தளத்துக்குள் கைப்பேசி அனுமதிக்கப்படாத ஆலைகளில் அன்றாட உறவு இந்த இடைவேளைகளில்தான் நடக்கிறது.

பூட்டும் உறையும்

முழு மறையாக்கம் என்பது, அனுப்புபவர் கருவியில் பூட்டப்படும் செய்தி பெறுபவர் கருவியில் மட்டுமே திறக்கப்படும் ஏற்பாடு. திறவுகோல் அந்த இரு கருவிகளுக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும். நடுவிலுள்ள நிறுவனம் பார்ப்பது புரியாத எழுத்துக் குவியலை மட்டும். மாக்சி மார்லின்ஸ்பைக்கும் ட்ரெவர் பெரினும் வடிவமைத்த சிக்னல் நெறிமுறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இந்த நெறிமுறையை எல்லாச் செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் நிறைவாகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு உண்டு. இருவரும் நேரில் சந்தித்து அந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், நடுவில் வேறு ஆள் நுழையவில்லை என்பது உறுதியாகும். இதைச் செய்து பார்ப்பவர் மிகச் சிலரே.

செய்தி உள்ளே இருக்கும் கடிதம் என்றால், யார் யாருக்கு எப்போது எங்கிருந்து அனுப்பினார், யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் உறைமேல் எழுதியது. இதை மீதரவு என்கிறோம். கடிதத்தைப் படிக்காமல் உறைகளை மட்டும் அடுக்கிப் பார்த்தாலே பலவும் தெரிந்துவிடும். வேலைநிறுத்தப் பேச்சு நடக்கும் வாரத்தில் தொழிற்சங்கப் பொறுப்பாளருடன் யார் யார் தொடர்பில் இருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வரிகூடப் படிக்க வேண்டியதில்லை. இந்த உறைத் தகவலைச் சேர்த்துவைப்பதில்தான் செயலிகள் பெரிதும் வேறுபடுகின்றன. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றுக்குச் சிக்னல் செயலியின் நிறுவனத்தால் தர முடிந்தது, கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. வாட்ஸ்அப் கூடுதலாகச் சேர்க்கிறது. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கு முழு மறையாக்கமே இல்லை. தனியாகத் தொடங்கும் ரகசிய அரட்டைக்கும் அழைப்புகளுக்கும் மட்டும் உண்டு. டெலிகிராம் மிகவும் பத்திரம் என்று ஊரெங்கும் நிலவும் நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

காப்பு நகல் மற்றொரு வாசல். கைப்பேசியில் பூட்டியிருக்கும் உரையாடல், கூகுள் டிரைவில் பூட்டில்லாமல் கிடக்கலாம். காப்பு நகலுக்கும் மறையாக்கம் என்ற வசதி வாட்ஸ்அப்பில் 2021 அக்டோபரில் வந்தது. அதையும் பயன்படுத்துபவரே இயக்க வேண்டும்.

ஷிப்ட் குழு

ஒப்பந்ததாரர்கள் ஆட்களை நிர்வகிப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான். நாளைய ஷிப்ட், பேருந்து நேரம், ஓவர்டைம் அழைப்பு, விடுப்பு எல்லாம் அதில் வரும். வேலைக்குச் சேரும் நாளிலேயே புதியவரின் எண் குழுவில் ஏறிவிடும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் 2016இல் 256 பேர் இருக்கலாம் என்றிருந்தது, 2022இல் 1,024 ஆயிற்று. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இப்படி ஒரு குழுவில் சேர்க்கப்பட்ட நிமிடத்தில், முகம் தெரியாத சில நூறு பேருக்கு அவளுடைய எண்ணும், அமைப்பு மாற்றப்படாவிட்டால் முகப்புப் படமும் போய்ச் சேர்கின்றன. அடுத்த நாள் தெரியாத எண்ணிலிருந்து வணக்கம் வரும், பிறகு அழைப்பு வரும். எண்ணை மாற்றினால் ஷிப்ட் தகவல் வராது. குழுவிலிருந்து விலகினால் மேற்பார்வையாளர் கேட்பார். அவள் அனுப்பிய எந்தச் செய்தியையும் யாரும் திருடவில்லை, மறையாக்கம் ஒழுங்காக வேலைசெய்கிறது. ஆனாலும் அந்தரங்கம் போய்விட்டது.

இதைத் தவிர்க்க வழிகள் இருக்கின்றன. தன்னைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பு 2019 ஏப்ரலில் வந்தது. முகப்புப் படத்தைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்கவிடாமல் செய்யும் வசதி 2023இல் வந்தது. வாட்ஸ்அப்பின் சமூகங்கள் வசதியில் உள்ள அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஷிப்ட் அறிவிப்புக்கு ஒப்பந்ததாரர் பயன்படுத்த வேண்டியது அதைத்தான். சிக்னலில் 2024இலிருந்து எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரால் பேசலாம். தொழிலாளி தன் பக்கத்தை எவ்வளவுதான் பூட்டினாலும், சரியான வகைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குழுவைத் தொடங்குபவரிடம் இருக்கிறது. பொறுப்பும் அவருடையதுதான்.

பழைய எண், புது ஆள்

புலம்பெயர் தொழிலாளியின் எண் நிலையானதல்ல. ஊரில் வாங்கிய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழக்கும், இங்கே புதிது வாங்குவார், வாட்ஸ்அப் மட்டும் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும். செயலிழந்த எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அந்த வேறொருவர் அதே எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கினால் பழையவரின் கணக்கு பறிபோகும். குழுக்களில் அந்த எண் இருந்தால், அங்கே வரும் புதிய செய்திகள் அவருக்குப் போகவும் கூடும். 2023இல் இப்பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. எண்ணைக் கைவிடும்முன் தரவை அழித்துக்கொள்வது சந்தாதாரர் பொறுப்பு என்ற நிலையோடு அந்த வழக்கு முடிந்தது. ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்புக் குறியீட்டை வைத்துக்கொள்வது ஓரளவு காக்கும்.

2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, செய்திச் செயலிகள் கருவியில் உள்ள செயல்படும் சிம்மோடு எப்போதும் பிணைந்திருக்க வேண்டும், கணினியில் திறந்த கணக்கு ஆறு மணி நேரத்துக்கொருமுறை வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், சோஹோவின் அரட்டை ஆகிய செயலிகள் அதில் அடங்கும். எல்லை கடந்த மோசடியைத் தடுப்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்ய முடியாமல் வாட்ஸ்அப்பை மட்டும் வைத்துக் குடும்பத்தோடு பேசிவரும் தொழிலாளியைத்தான் இத்தகைய பிணைப்பு முதலில் துண்டிக்கும்.

மோசடியின் அளவும் சிறியதல்ல. போலீஸ் உடையில் காணொளி அழைப்பில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் கைது மோசடிக்குப் பயன்பட்ட 3,962 ஸ்கைப் கணக்குகளையும் 83,668 வாட்ஸ்அப் கணக்குகளையும் முடக்கியதாக ஒன்றிய அரசு 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புகாருக்கான எண் 1930. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை.

வதந்தியும் எல்லையும்

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. ஒரு பக்கம் தமிழர் தாக்கப்படும் காணொளி, மறுபக்கம் தமிழ்நாட்டில் கன்னடர் தாக்கப்படும் காணொளி என்று இரண்டும் செயலிகளில் மாறி மாறிப் பறந்தன. பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன. பயணிகள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்து கடந்தார்கள். பரவிய காட்சிகளில் உண்மையானவையும் இருந்தன. உண்மையான ஒரு அடி ஆயிரம் கைகளில் போய் ஆயிரம் அடியாகத் தெரிந்தது.

2018 மே மாதம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், குலதெய்வம் கும்பிட வந்த முதிய பெண்ணொருவர் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பின், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. செய்தியைப் படிக்காமலேயே, அது எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செய்த ஏற்பாடு இது.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் காட்சிகள் அவை. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு மறுத்துக் காணொளி வெளியிட்டார். பீகார் அரசு குழு அனுப்பி நேரில் விசாரித்தது. வெளிமாநிலத் தொழிலாளரை நம்பியிருக்கும் வட்டாரங்கள் அந்த நாட்களில் பட்ட பதற்றம் பெரிது. ஆனால் 2021 டிசம்பரில் இவ்வட்டாரத்தின் வழியே போகும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதி உணவால் உடன் பணியாற்றியவர்கள் நோயுற்றபோது ஆலைப் பெண்கள் நடத்திய மறியலை வெறும் வதந்தியின் விளைவு என்று தள்ளிவிட முடியாது. நோயுற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பரவிய செய்தி பொய். கெட்ட உணவு உண்மை. நிர்வாகம் வாய்திறக்காத இடத்தைத்தான் குழுச் செய்தி நிரப்பியது.

நீதிமன்றத்தில் பூட்டு

செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை முக்கியமாகப் பேசப்பட்ட இடம் சென்னை உயர் நீதிமன்றம். சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018இல் தொடுக்கப்பட்ட வழக்கில், சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பும் முறையை 2019இல் முன்வைத்தார். அதைப் போலியாக்கிவிட முடியும் என்றும் அந்தரங்கத்தைக் குலைக்கும் என்றும் மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட செய்திச் செயலிகள் ஆணை வந்தால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றன. வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டு வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார். இந்த வழக்குகளுக்குப் பின்னணியாக இருப்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அளித்த தீர்ப்பு.

அரட்டை

தமிழ்நாட்டிலிருந்து வந்த செயலி அரட்டை. சோஹோ நிறுவனம் இதை 2021 ஜனவரியில் வெள்ளோட்டம் விட்டது. வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கையால் மக்கள் கலங்கியிருந்த மாதம் அது. அந்தக் கொள்கைக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 செப்டம்பர் இறுதியில் ஒன்றிய அமைச்சர்கள் பரிந்துரைக்க, அரட்டையில் சேருவோர் திடீரெனப் பெருகினர். விலை குறைந்த கைப்பேசியிலும் மெதுவான இணையத்திலும் ஓடுவது அதன் பலம். அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தும் எழுத்துச் செய்திக்கு இல்லாதது அப்போது பெரிய குறையாகப் பேசப்பட்டது. 2025 நவம்பரில் இருவர் உரையாடலுக்கு அது கொண்டுவரப்பட்டது. உள்ளூர்ச் செயலி என்ற பெருமிதம் நியாயமானது. எண்ணைக் கொண்டே ஆளை அடையாளம் காணும் முறை இதிலும் இருப்பதால், ஷிப்ட் குழுவின் பிரச்சினை செயலி மாறினாலும் மாறாது.

தொழிலாளி எண்ணும் சட்டமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் தரவைத் தனி ஒப்புதல் இல்லாமலேயே கையாள முதலாளிக்கு இடமளிக்கிறது. ஷிப்ட் சொல்ல எண்ணை வைத்துக்கொள்வது அதில் அடங்கலாம். அதே எண்ணைச் சில நூறு பேர் பார்க்கும்படி குழுவில் போடுவதும் அதில் அடங்குமா என்பதைச் சட்டத்தின் சொற்கள் சொல்லவில்லை. விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகும் புகார்களில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி அது. ஆலைகளும் ஒப்பந்ததாரர்களும் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எண்ணை மறைக்கும் அறிவிப்புக் குழு செயலியில் இப்போதே இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை.